குளத்துல தண்ணி இருக்கு, பம்பு இழுக்கலே!
பயர் என்ஜின் பின்பக்கம் இருக்கும் சின்ன கருவிக்கு எண்ணெய் விட்டது யார்? எப்போது?

சென்னை:

மணி அடித்துக்கொண்டு பயர் என்ஜின் வந்து நிற்கிறது. குழாயை உருட்டிப் போடுகிறார்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. வேடிக்கை பார்க்கிற கூட்டம் "அப்பாடா!" என்று மூச்சு விடுகிறது. கொஞ்ச நேரம்தான். விறைப்பாக நின்ற குழாய் தொய்ந்து தரையில் படுக்கிறது. "என்னய்யா, தண்ணி நின்னு போச்சு?" என்று நாலு பேர் சத்தம் போடுகிறார்கள். வண்டியில் கொண்டு வந்த தண்ணீர் காலி!

இனிமேல்தான் அந்த வண்டிக்கு உண்மையான பரீட்சை. அடுத்த தெருவில் குளம் இருக்கலாம். எதிர்க் கட்டடத்தில் சம்பு நிறைய தண்ணீர் இருக்கலாம். அந்தத் தண்ணீர் வண்டிக்குள் ஏறி வருமா, வராதா? அதைத் தீர்மானிப்பது பம்பு கூட இல்லை. பம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன கருவி. அதன் பெயர் பிரைமர். அதை இயக்குவதற்குப் பெயர் பிரைமிங்.

ஏணி எவ்வளவு உயரம், வண்டி எத்தனை கோடி என்றெல்லாம் பேசுகிறோம். இந்தப் பிரைமரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசித்தான் ஆகணும். ஏன் என்று கேட்டால், முதலில் கணக்கைப் பாருங்கள்.

இரண்டரை நிமிஷம்!

நம் ஊர்களில் ஓடுகிற பெரிய வகை தண்ணீர் வண்டியின் டாங்கி 4,500 லிட்டர் பிடிக்கும். அதன் பம்பு நிமிஷத்துக்கு 1,800 லிட்டர் தள்ளக் கூடியது. 4,500-ஐ 1,800-ஆல் வகுத்தால் இரண்டரை. முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டரை நிமிஷத்தில் டாங்கி சுத்தமாக வறண்டுவிடும். ஒரே ஒரு குழாயில் சிக்கனமாக நிமிஷத்துக்கு 450 லிட்டர் விட்டாலும் பத்து நிமிஷம்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்.

குடிசை, மின்சாரப் பெட்டி, ரோட்டில் எரிகிற கார் என்றால் இது போதும். பெரும்பாலான அழைப்புகள் இப்படித்தான் முடிகின்றன. கடை, கிடங்கு, அடுக்குமாடி என்றால் போதாது.

2017 மே 31-ந் தேதி அதிகாலையில் தி.நகர் உஸ்மான் ரோட்டில் பெரிய ஜவுளிக் கடை பற்றி எரிந்தது. ஒரு நாளைத் தாண்டியும் தீ அடங்கவில்லை. கட்டடமே உள்ளுக்குள் இடிந்தது. மெட்ரோ வாட்டர் லாரிகள் வரிசையாக வந்து தண்ணீர் கொடுத்தன. 9,000 லிட்டர் லாரி என்று வையுங்கள். ஒரு பம்புக்கு அது ஐந்து நிமிஷத் தீனி. அங்கே பம்பு பழுது என்று சொல்ல வரவில்லை. ஒரு பெரிய தீ எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். லாரி டிராபிக்கில் மாட்டினால், அடுத்த வழி பக்கத்தில் இருக்கிற தண்ணீரை வண்டியே இழுத்துக்கொள்வதுதான்.

பம்பு உறிஞ்சாது

வீட்டில் சம்புத் தண்ணீரை மாடி டாங்கிக்கு ஏற்றுகிற மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் "ஙொய்ங்" என்று சும்மா சுற்றும், தண்ணீர் வராது. "ஏர் எடுத்துடுச்சு" என்பார் பிளம்பர். மேலே இருக்கும் மூடியைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார். காற்று குமிழ் விட்டு வெளியே வரும். மூடியை இறுக்கிச் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் குபுகுபு என்று ஏறும். தெருமுனை அடிபம்பிலும் இதே வைத்தியம்தான். வாஷர் காய்ந்துவிட்டால் ஒரு சொம்பு ஊற்றி அடிப்பார்கள். இதுதான் பிரைமிங். பயர் என்ஜினிலும் விஷயம் இதேதான், அளவுதான் பெரிசு.

பயர் என்ஜின் பம்புக்குள் இருப்பது சுழல் சக்கரம். நடுவில் வருகிற தண்ணீரை ஓரத்துக்கு வீசி எறியும். வீசி எறிய எடை வேணும். காற்று தண்ணீரைவிட சுமார் 800 மடங்கு லேசு. பம்புக்குள் காற்று நிறைந்திருந்தால் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதை வெளியே தள்ள முடியாது. என்ஜின் உறுமும், வண்டி அதிரும், ஒரு சொட்டு வராது.

டாங்கித் தண்ணீருக்கு இந்தத் தொல்லை இல்லை. அது பம்புக்கு மேல் மட்டத்தில் இருக்கிறது, தானாக இறங்கிப் பம்பை நிரப்பும். லாரியிலிருந்து டாங்கியில் ஊற்றினாலும் அப்படித்தான். தெருக் குழாய் அழுத்தத்தோடு வந்தாலும் சரி. ஆனால் குளம், கிணறு, சம்பு எல்லாம் பம்புக்குக் கீழே இருக்கிறது. அங்கே குழாயை இறக்கினால் குழாய் முழுக்கக் காற்று. அந்தக் காற்றை முதலில் யாராவது வெளியேற்ற வேணும். பிரைமரின் வேலை இதுதான்.

தள்ளுவது காற்று

இன்னொரு சங்கதி. தண்ணீரை நாம் மேலே இழுக்கிறோம் என்று நினைக்கிறோமே, அது தப்பு. இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறபோது நம் வாய் செய்வது ஸ்ட்ராவில் இருக்கும் காற்றை எடுப்பது மட்டும்தான். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் இளநீரை மேலே தள்ளுகிறது. ஸ்ட்ராவில் ஒரு குண்டூசி ஓட்டை விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் பிரயோசனம் இல்லை.

காற்றின் அழுத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. கடல் மட்டத்தில், துளிக் காற்று கூட இல்லாத குழாயில், தண்ணீர் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி ஏறும். அதற்கு மேல் எந்தக் கொம்பன் பம்பும் இழுக்க முடியாது. இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் குழாய் உராய்வு, சின்னச் சின்னக் கசிவு, வெயிலில் சூடேறின தண்ணீர் எல்லாம் சேர்ந்து 7 மீட்டரோடு நிறுத்திவிடும். 23 அடி! ஊட்டிக்குப் போனால் இன்னும் மோசம். அங்கே காற்று லேசு, ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒரு அடி வீதம் கழித்துக்கொள்ள வேணும்.

இந்த 23 அடியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கரி பிடித்த வாய்

பழைய மாடல் வண்டிகளில் பிரைமர் என்பது என்ஜின் புகையால் வேலை செய்கிற ஒரு தந்திரம். புகைக் குழாயை ஒரு தகட்டால் அடைப்பார்கள். வழக்கமான வழி அடைபட்டதும் புகை ஒரு ஒடுக்கமான வாய் வழியே சீறிப் பாயும். அந்த வேகத்தில் பக்கத்தில் இருக்கும் பம்புக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கொசு மருந்து அடிக்கிற பழைய கைப்பம்பு ஞாபகம் இருக்கிறதா? காற்று வேகமாகப் போகிற இடத்தில் மருந்து தானாக மேலே ஏறி வருமே, அதே தத்துவம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் டீசல் புகையில் கரி இருக்கு. ஒடுக்கமான வாயில் கரி படிந்தால் வேகம் செத்துவிடும். அடைக்கிற தகடு சூட்டிலும் துருவிலும் இறுகிப்போனால் கைப்பிடியை இழுத்தாலும் அசையாது. அல்லது பாதி மூடும், பாதி திறந்திருக்கும். பாதி மூடினால் பாதி வேலை நடக்கும் என்று நினைக்காதீங்க. ஒன்றுமே நடக்காது. தகட்டின் அச்சுக்குச் சூடு தாங்கும் மசகு போடணும், கரியைச் சுரண்டணும். பத்து நிமிஷ வேலை. செய்யாமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாசம் கழித்துத் தெரியும்.

எண்ணெய் டப்பா

மேல்நாட்டு வண்டிகளில் அதிகம் இருப்பது வேறு வகை. சின்ன மின்சார மோட்டார், அதோடு ஒரு உருளை. உருளையின் பிளவுகளில் தகடுகள் செருகியிருக்கும். சுற்றும்போது தகடுகள் வெளியே வந்து சுவரை உரசிக்கொண்டே ஓடும், காற்றை அள்ளி வெளியே கொட்டும்.

இந்த வகையில்தான் எண்ணெய் விஷயம் முக்கியம். வண்டி மேல் ஒரு சின்ன எண்ணெய் டப்பா, அதிலிருந்து மெல்லிய குழாய். பிரைமரைப் போட்டதும் அதுவே கொஞ்சம் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். தேய்மானம் குறையத்தான் எண்ணெய் என்று நினைத்தால் பாதி சரி. தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியை அந்த எண்ணெய்தான் அடைக்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் எடுத்த காற்று அந்த இடைவெளியிலேயே திரும்ப வந்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ரா கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை. டப்பா மேலே, பிரைமர் கீழே. பிரைமரை நிறுத்தின பிறகும் எண்ணெய் தானாக வழிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்க, குழாயின் மேல் வளைவில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அதன் வழியே காற்று புகுந்து ஒழுக்கை நிறுத்தும். அந்தச் சின்ன ஓட்டை தூசியால் அடைத்துக்கொண்டால்? ராத்திரி முழுக்க எண்ணெய் ஒழுகி, காலையில் வண்டிக்குக் கீழே தரையில் கறையாக நிற்கும். டப்பா காலி. கழுவி விட்டுப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. தரையில் எண்ணெய்க் கறை கண்டால் துடைக்கிறவர் மேலேயும் அண்ணாந்து பார்க்கணும்.

எண்ணெயே வேண்டாத பிரைமர்களும் இப்போது வந்திருக்கின்றன. தண்ணீர் வளையத்தால் அடைக்கிற வகை ஒன்று, எண்ணெய் கேட்காத புது ரகத் தகடு ஒன்று, பிஸ்டன் வகை ஒன்று. நல்லதுதான். ஆனாலும் தண்ணீர் வளையத்துக்கு அதன் சொந்தத் தண்ணீர் டப்பா நிறைந்திருக்கணும், பிஸ்டனுக்கு ரப்பர் வளையம் நன்றாக இருக்கணும். கவனிப்பு இல்லாமல் ஓடுகிற பிரைமரை இதுவரை யாரும் செய்யவில்லை.

சொட்டட்டும், விடுங்க!

பம்பின் அச்சு வெளியே வருகிற இடத்தில் கயிறு மாதிரி கிளாண்ட் பேக்கிங் சுற்றியிருக்கும். பம்பு ஓடும்போது அங்கிருந்து துளித்துளியாகத் தண்ணீர் சொட்டும். புதுசாக வருகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கும். ஸ்பானரை எடுத்து இறுக்கிவிடுவார்கள். சொட்டு நின்றுவிடும். "ரிப்பேர் முடிஞ்சுது!"

முடிந்தது ரிப்பேர் இல்லை, அச்சின் ஆயுசு. அந்தச் சொட்டுதான் அந்த இடத்துக்கு எண்ணெய், அதுதான் ஏர் கண்டிஷன். சொட்டு நின்றால் பேக்கிங் காய்ந்து கருகி, அச்சில் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பள்ளம் வழியே காற்று உள்ளே போகும். பிரைமர் ஒரு பக்கம் காற்றை எடுக்க, அச்சு ஒரு பக்கம் காற்றை விட, கேஜ் முள் எழும்பவே எழும்பாது. கிரீஸ் கப் இருக்கிற பம்பில் அதையும் மறக்காமல் ஒரு சுற்று திருகணும்.

புது வண்டிகளில் கயிறு இல்லாமல் மெக்கானிக்கல் சீல் இருக்கும். அது சொட்டாது. ஆனால் அதற்கும் தண்ணீர்தான் மசகு. வெறும் பம்பை வேகமாக ஓட்டினால் சீல் சூடேறிப் பொரிந்துவிடும். அதனால்தான் முக்கால் நிமிஷத்துக்கு மேல் பிரைமரைப் பிடித்துக்கொண்டு நிற்காதே என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். 45 விநாடியில் தண்ணீர் வராவிட்டால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். நிறுத்து, தேடு, மறுபடி ஆரம்பி.

எங்கே தேடுவது? சக்ஷன் குழாய் இணைப்பில் ரப்பர் வாஷர் விழுந்துவிட்டதா? வடிகால் குழாயைத் திறந்தபடி விட்டார்களா? டாங்கி வால்வு பாதி திறந்திருக்கிறதா? குழாய் நுனியில் இருக்கும் சல்லடை நன்றாக முங்கியிருக்கிறதா, இல்லை மேலே மிதந்து சுழல் போட்டுக் காற்றைக் குடிக்கிறதா? குழாய் நடுவில் சுவர் மேல் ஏறி இறங்கிக் கூன் விழுந்திருக்கிறதா? அந்தக் கூனில் காற்று தங்கிவிடும். தண்ணீரிலிருந்து பம்பு வரை குழாய் ஒரே சீராக ஏற வேணும்.

தண்ணீர் ஏறிவிட்டால் கூட அவசரம் கூடாது. குழாய் வால்வைப் படக்கென்று முழுசாகத் திறந்தால் ஏறின தண்ணீர் அறுந்து, மறுபடி காற்று. மெல்லத் திறக்கணும். அனுபவசாலிகள் டாங்கியில் கால்வாசி இருக்கும்போதே குளத்துக்கு மாறிவிடுவார்கள். ஒருவேளை பிரைமிங் அறுந்தாலும் அந்தக் கால் டாங்கி கைகொடுக்கும். உள்ளே புகைக்குள் குழாய் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த ஒரு நிமிஷத் தண்ணீர்தான் உயிர்.

பழகாத கை

இப்போது விஷயத்துக்கு வருவோம். பிரைமர் ஏன் கைவிடுகிறது? கம்பெனி குறையா? ஆட்கள் குறையா? நான் பார்க்கிற காரணம் வேறு. அதற்கு வேலையே இல்லை!

பத்து அழைப்பு வந்தால் அதில் பெரும்பாலானவை டாங்கித் தண்ணீரோடு முடிகின்றன. மீதிக்கு லாரி வருகிறது. குளத்தில் குழாய் போடுகிற சந்தர்ப்பம் எப்போதோ ஒரு தடவை. தினமும் ஓடுகிற டயர், பிரேக், பேட்டரி பழுதானால் அன்றைக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே சரி செய்வார்கள். ஓடாத பிரைமர் பழுதானால் யாருக்குத் தெரியும்? ரப்பர் காய்கிறது, எண்ணெய் கெட்டியாகிறது, தகடு இறுகுகிறது. சத்தமே இல்லை. கடைசியில் ஊரே கூடி நிற்கிற பெரிய தீயில்தான் குட்டு வெளிப்படும்.

ஆளுக்கும் இதே கதைதான். பயிற்சிக் காலத்தில் கற்ற பிரைமிங்கை வருஷத்துக்கு ஒரு தடவை கூடச் செய்யாதவர், நூறு பேர் கத்துகிற நேரத்தில் ராத்திரி இருட்டில் எப்படி ஒழுங்காகச் செய்வார்? அவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. நம் படையில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பதவிப் பெயரே ஓட்டுநர் மெக்கானிக். பெயரில் மெக்கானிக் இருக்கு. கையில் கிரீஸ் இருக்க நேரமும் கொடுக்கணுமே!

ஒரு நிமிஷ சோதனை

பரிகாரம் லட்சக்கணக்கில் செலவு இல்லை. தண்ணீரே தேவைப்படாத ஒரு சோதனை இருக்கு. பம்பைக் காலி செய்து, எல்லா வாயையும் மூடி, பிரைமரைப் போடு. கேஜ் முள் வெற்றிடப் பக்கம் நகரும். பாதரசக் கணக்கில் 24 அங்குலம் அருகே வந்ததும் நிறுத்து. ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு முள்ளைப் பார். அப்படியே நின்றால் பம்பு கெட்டி. இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. "உஸ்" சத்தம் வருகிற இடத்தில் காதை வைத்தால் இடம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இதற்கு எழுதி வைத்த விதியே இருக்கு. 22 அங்குலம் எடுத்து நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் வண்டி பாஸ் இல்லை. நம் ஊரிலும் இந்தச் சோதனை பயிற்சிப் பாடத்தில் உண்டு. பாடத்தில் இருந்தால் போதாது, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி நம்பர் போட்டு, தேதி போட்டு, முள் எங்கே நின்றது என்று ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்கட்டும். பஸ் டிப்போவில் டீசல் கணக்கு எழுதுகிற மாதிரி. அதிகாரி வந்தால் முதலில் அந்தப் பலகையைப் பார்க்கட்டும்.

கிணறு போச்சு, போர் வந்தாச்சு

இனி அந்த 23 அடிக்கு வருவோம். சென்னையில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்த காலம் ஒன்று. உறைக் கிணற்றில் பத்து அடியில் தண்ணீர் தெரியும். இப்போது கிணற்றை மூடிவிட்டு போர் போட்டாச்சு. போர்க் குழிக்குள் பயர் என்ஜினின் தடித்த சக்ஷன் குழாய் போகாது. போனாலும் தண்ணீர் 23 அடிக்குக் கீழே என்றால் இழுக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு ஊரே குடம் தூக்கியது. குடிக்கவே லாரி இல்லாத அந்த நாட்களில் பெரிய தீ ஒன்று மூண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாலே வயிறு கலங்குகிறது.

வெள்ளத்திலும் இதே எல்லைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளத்தில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். தண்ணீரை இறைத்து அவர்களை எடுக்க நாள் கணக்கில் ஆனது. ஆழமான பள்ளத்தில் தண்ணீர் இறங்க இறங்க, மேலே தரையில் நிறுத்திய பம்பு இழுக்காது. பம்பைத்தான் கீழே இறக்கணும், அல்லது மிதக்கவிடணும். இதைத் தெரிந்துகொண்டு முதல் மணி நேரத்திலேயே அந்த வகைப் பம்பைக் கூப்பிடுகிறவர்தான் விவரமான அதிகாரி.

மிச்சம் இருப்பது கோயில் குளங்களும் ஏரிகளும், கூவமும், அடையாறும், பக்கிங்காம் கால்வாயும், கடலும். கூவத்தைக் குடிக்க வைத்தால் பம்பு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும். சேறும் மணலும் சக்கரத்தின் ஓரத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையும் ஆகாயத் தாமரையும் சல்லடையை மூடும். கடல் தண்ணீர் ஓட்டினால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெயும் கிரீஸும் போட்டால்தான் மறுநாள் வண்டி வண்டியாக இருக்கும்.

சுத்தமானது கோயில் குளம். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ரோட்டை ஒட்டியே இருக்கு. ஆனால் சுற்றிலும் கம்பி வேலி, அதை ஒட்டிக் கடை, அதை ஒட்டி ஸ்கூட்டர். வண்டி தண்ணீரிலிருந்து சில மீட்டருக்குள் வந்தால்தான் சக்ஷன் குழாய் எட்டும். ஒரே ஒரு வண்டி நிற்க ஒரு மூலையை, கேட் வைத்து, "இங்கே நிறுத்தாதே" என்று பலகை போட்டு விட்டுவைக்க அறநிலையத் துறையும் மாநகராட்சியும் உட்கார்ந்து பேசினால் போதும்.

ஏணிக்குப் போட்டோ

1975-ல் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தபோது ஏணி எட்டவில்லை என்பதே ஊர்ப் பேச்சு. அதற்குப் பிறகு ஏணி வளர்ந்தது, இன்றைக்கு ஐம்பது மீட்டரைத் தாண்டி எட்டும் ஏணி வண்டியே இருக்கு. நல்லது, வேண்டியதுதான். ஏணி வந்தால் போட்டோ எடுக்கலாம். பிரைமருக்கு எண்ணெய் விட்டதை யார் போட்டோ எடுப்பார்கள்?

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 14-ந் தேதி தீயணைப்புப் படையின் நீத்தார் நினைவு நாள். 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் மாண்ட நாள். இங்கே நமக்குச் சித்திரை முதல் தேதி என்பதால் அது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. அதையொட்டி ஒரு வாரம் பள்ளிக்கூடங்களிலும் மைதானங்களிலும் செயல் விளக்கம் நடத்துகிறார்கள். கயிற்றில் இறங்குகிறார்கள், நுரை அடிக்கிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள், ஒவ்வொரு நிலையமும் தன் எல்லையில் இருக்கும் குளத்திலோ ஏரியிலோ குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்துக் காட்டட்டும். எந்த வண்டி எத்தனை விநாடியில் இழுத்தது என்று ஜனங்களும் கடிகாரத்தைப் பார்க்கட்டும். வருஷத்துக்கு ஒரு நாள் என்றில்லாமல் மாசம் ஒரு தடவை என்றால் இன்னும் விசேஷம்.

சம்பு மூடி மேலே கார்

கடைக்காரர்களும் அடுக்குமாடிக்காரர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. உயரமான கட்டடங்களில் தீக்கென்றே தனியாகத் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி வைக்க வேணும், அதிலிருந்து பயர் என்ஜின் தண்ணீர் எடுக்க வெளியே ஒரு குழாய் வாயும் விட வேணும் என்பது தேசியக் கட்டட விதி. வரைபடத்தில் இரண்டும் அழகாக இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அந்த வாய் முன்னால் ஜெனரேட்டர், செடித் தொட்டி, இல்லாவிட்டால் பழைய மேஜை நாற்காலி. தொட்டி மூடி மேல் யாரோ ஒருத்தர் கார். அந்தத் தொட்டித் தண்ணீரே பாத்ரூமுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வாசலில் பயர் என்ஜின் வந்து நிற்கிறபோது கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நாளைக் காலையில் கடை திறக்கப் போகிறவர்கள் கட்டட செகரட்டரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தீத் தொட்டி எங்கே? அதன் மூடியைத் திறக்க முடியுமா? பயர் சர்வீஸ் குழாய் மாட்டுகிற வாய் எது, அதன் மூடி கடைசியாக எப்போது கழற்றப்பட்டது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது. அப்போது ஒரு ஸ்பானரும் கொஞ்சம் கிரீஸும் எடுத்துக்கொண்டு, வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு நீங்களே கீழே இறங்குங்கள்.